பல ஆண்டுகளுக்குப் பின் மரவேலைக்குத் திரும்புகிறவருக்கு: வீட்டில் டேபிள் சா அமைத்துப் பழகும் முறை

மரவேலையைப் பல ஆண்டுகள் விட்டிருந்து மீண்டும் தொடுகிறவருக்கு, புதிதாகக் கற்க வருகிறவருக்கு இல்லாத ஓர் ஆபத்து உண்டு. புதியவர் ரம்பத்தைப் பார்த்துப் பயப்படுவார். திரும்பி வருகிறவரோ தன் கைக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிவிடுவார். நான் கல்லூரிக் காலத்தில் விடுமுறைதோறும் எங்கள் தெரு ஆசாரியின் பட்டறையில் நின்று, இழைப்புளி பிடிக்கவும், காடி எனும் பள்ளம் எடுக்கவும் கற்றவன். வேலைக்குப் போன பிறகு 22 ஆண்டுகள் உளியைத் தொடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 10 அங்குல டேபிள் சா ஒன்றை, அதாவது மேசையின் நடுவில் வட்டப் பிளேடு எழுந்து நின்று சுழலும் ரம்பத்தை, வாங்கிக் கார் ஷெட்டில் வைத்தேன். மோட்டாரில் சுழலும் ரம்பம் கைவாளின் பெரிய உருவம் அல்ல, அது முற்றிலும் வேறு பழக்கங்களைக் கேட்கும் கருவி என்பது முதல் மாதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பழக்கங்களை எந்த வரிசையில் கற்றுக்கொண்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்குமோ அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இடமும் மின்சாரமும்

வீட்டு உபயோகத்துக்கு வரும் 10 அங்குல ரம்பங்கள் பலவும் இருவர் தூக்கி நகர்த்தக்கூடிய எடையில்தான் இருக்கின்றன. அந்த எடைக் குறைவினாலேயே, நீளமான பலகையை ஏற்றும்போது அவை ஆடவும் சாயவும் கூடும். ஆகவே ரம்பத்தை அதற்குரிய ஸ்டாண்டிலோ கனமான மேசையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். கார் ஷெட்டின் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாட்டமாகப் போடப்பட்டிருக்கும் என்பதால், நான்கு கால்களும் தரையில் படிகின்றனவா என்று பார்த்துத் தேவையான காலுக்கு அடியில் பிளைவுட் துண்டு கொடுங்கள். ரம்பத்தின் பின்னால், அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்வாக ஒரு மேசை இருந்தால், அறுபட்ட பலகை தொங்கிக் கீழே விழாது. அதைப் பிடிக்க ரம்பத்தின் மேல் குனிய வேண்டிய தேவையும் வராது.

8க்கு 4 அடி பிளைவுட் தாளை இப்படிப்பட்ட சிறிய ரம்பத்தில் தனியாளாக ஏற்ற முயல வேண்டாம். வாங்கும் கடையிலேயே தேவையைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வைத்து அறுத்துத் தரச் சொல்லுங்கள். சரியான அளவுக்கு வீட்டு ரம்பத்தில் கொண்டுவரலாம்.

மின்சார விஷயத்தில் சிக்கனம் கூடாது. 230 வோல்ட்டில் 2,000 வாட் மோட்டார் ஓடும்போது சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக் இதற்கு ஆகாது. எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். நீட்டிப்புக் கம்பி தவிர்க்க முடியாதது என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இருக்கட்டும். அந்த இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைப் போடச் சொல்லுங்கள்.

நம் ஊரில் ரம்பம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். மரம் எதுவும் இல்லாமல் ரம்பத்தை ஓடவிட்டு, சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளேடு நின்ற பிறகு ரம்பத்தின் சுவிட்சைத் தொடாமல் சுவர் சுவிட்சை மீண்டும் போடுங்கள். ரம்பம் தானாகக் கிளம்பினால், மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நேரத்திலும் அது அப்படியேதான் கிளம்பும். அப்போது உங்கள் கை பிளேடின் மேல் சிக்கிய துண்டை எடுத்துக்கொண்டிருக்கலாம். மின்சாரம் போனால் தானே விடுபட்டு, மறுபடி அழுத்தினால் மட்டுமே கிளம்பும் காந்த சுவிட்ச் தனியாகவும் கிடைக்கிறது. அதைப் பொருத்தாத ரம்பத்தில் வேலை செய்ய வேண்டாம்.

முதல் சில நாட்கள் ரம்பத்துக்கு மட்டும்

புதிய ரம்பம் கம்பெனியிலிருந்து சரியாகவே வந்திருக்கும் என்று எண்ணக் கூடாது. லாரியில் வந்த அதிர்ச்சியே அதன் அமைப்பைக் கலைக்கப் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இனி வருகிற ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும்.

முதலில், மேசையில் வெட்டியிருக்கும் மைட்டர் பள்ளத்துக்கு பிளேடு இணையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நுண்ணிய இடைவெளியை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒரு ரீப்பர் துண்டும் ஒரு திருகும் போதும். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லின் மேல் பேனாவால் குறியிடுங்கள். மைட்டர் கேஜில், அதாவது அந்தப் பள்ளத்தில் ஓடி, குறுக்கே அறுக்கும் மரத்தைத் தாங்கிச் செல்லும் சட்டத்தில், ரீப்பரை இறுக்கி, அதன் முனையில் திருகைப் பாதி ஏற்றி, குறியிட்ட பல் முன்பக்கம் இருக்கும்போது திருகின் தலை அதை மெல்ல உரசும்படி வையுங்கள். பிளேடைக் கையால் சுற்றினால் மெல்லிய ஒரு ‘சிக்’ ஓசை கேட்கும். இப்போது அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கேஜையும் பின்னால் நகர்த்தி உரசிப் பாருங்கள். ஓசை ஒன்றுபோல் இருந்தால் இணை சரி. ஓசையே இல்லாவிட்டாலோ பல் திருகில் இடித்துத் தடைபட்டாலோ, கையேட்டில் சொல்லியபடி மேசையையோ மோட்டாரையோ தளர்த்தித் திருத்த வேண்டும். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை நான் விடவில்லை. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

அடுத்தது ஃபென்ஸ், அதாவது நீளவாக்கில் அறுக்கும்போது பலகை ஒட்டிக்கொண்டு போகும் தடுப்புச் சட்டம். அதுவும் மைட்டர் பள்ளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். முற்றிலும் இணையாக்க முடியாவிட்டால் பின்முனை ஒரு தலைமுடி அளவு பிளேடைவிட்டு விலகியிருக்கலாமே தவிர, நெருங்கியிருக்கக் கூடாது. பின்முனை நெருங்கினால் பலகை பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே நெரிபடும்.

90 டிகிரியைச் சோதிக்க மூலைமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று அங்குல அகலத்தில் நேரான ஒரு துண்டை நிமிர்த்து வைத்து, மைட்டர் கேஜின் துணையுடன் குறுக்கே அறுங்கள். ஒரு பாதியைத் தலைகீழாகப் புரட்டி, அறுபட்ட முகங்களைச் சேர்த்து, நேரான பரப்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் தெரியும் கீற்று பிளேடின் பிழையை இரண்டு மடங்காக்கிக் காட்டும் என்பதால், கண்ணுக்கு அகப்படாத சாய்வும் இதில் அகப்பட்டுவிடும்.

கடைசியாக, மேசை முழுவதும் பாரஃபின் மெழுகைத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். வார்ப்பிரும்பு மேசையாக இருந்து, நீங்கள் கடற்கரையை ஒட்டிய ஊரில் இருந்தால், இதை மாதம் ஒருமுறை செய்யாவிட்டால் துரு ஏறிவிடும். சிலிகான் கலந்த பாலிஷ் வேண்டாம். அது மரத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் பூசும் வார்னிஷைப் பிடிக்கவிடாது.

பிளேடைப் பொறுத்தவரை, நீளவாக்கில் அறுக்க 24 பல், குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டுக்கும் 60 பல், இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமானால் 40 பல். நல்ல கார்பைடு முனை கொண்ட 40 பல் பிளேடு ஒன்று முதல் ஆண்டுக்குப் போதும். நடுத்துளை உங்கள் ரம்பத்தின் அச்சுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மரம் ஏன் திருப்பி அடிக்கிறது

பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையை நோக்கிக் கீழே அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் கீழிருந்து எழுந்து, மேலே வந்து, உங்களை நோக்கித் திரும்புகின்றன. அறுபட்ட மரம் அந்தப் பின்பற்களைத் தொட்டுவிட்டால், அவை அதைத் தூக்கி உங்கள் மேல் எறியும். இதைத்தான் கிக்பேக் என்கிறோம். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் கிளம்பும் துண்டைப் பார்த்து விலக யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

எனக்கு அது மூன்றாவது வாரத்தில் நடந்தது. காடி எடுப்பதற்காக பிளேடின் பாதுகாப்பு மூடியையும், பிளேடின் முதுகை ஒட்டி நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகட்டையும் கழற்றியிருந்தேன். காடி முடிந்ததும், ஒரே ஒரு வெட்டுத்தானே என்று அவற்றை மாட்டாமலேயே, ஓர் அடி சதுரமான பிளைவுட் துண்டின் ஓரத்தை ஃபென்ஸை ஒட்டி அறுத்தேன். துண்டின் முன்முனை ஃபென்ஸைவிட்டு ஒரு நூல் அளவு விலகியதைத்தான் கடைசியாகப் பார்த்தேன். அடுத்த கணம் விலா எலும்பின் கீழே யாரோ செங்கல்லால் அடித்ததுபோல் இருந்தது. துண்டு என் மேல் பட்டுத் தெறித்து ஷெட்டின் சுவரில் பூச்சு பெயர்ந்து விழும்படி மோதியிருந்தது. பிறகு அதை எடுத்துப் பார்த்தபோது, அடிப்பக்கத்தில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் ஆழமான ஒரு வளைகீறல் இருந்தது. துண்டு பிளேடின் மேலேறிச் சுழன்ற பாதை அது. இரண்டு வாரம் வலதுபுறம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அந்தத் துண்டை ரம்பத்துக்கு எதிரே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

ரைவிங் நைஃப் அறுபட்ட வெட்டுக்குள் நுழைந்து நின்று, மரம் பின்பற்களைத் தொடாமல் காக்கிறது. அது பிளேடின் உடல் தகட்டைவிடத் தடிமனாகவும், பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பற்களுக்கும் அதற்கும் இடைவெளி 3 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். புதிய பிளேடு வாங்கும்போதெல்லாம் இந்தத் தடிமன் பொருத்தத்தைப் பாருங்கள். பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ரைவிங் நைஃப் இல்லாத பழைய ரம்பம் மலிவாகக் கிடைத்தாலும், திரும்பி வருகிறவர் அதை வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் ஸ்டீவ் கேஸ் என்பவர் 1999இல் உருவாக்கிய, விரல் பட்டதும் பிளேடைச் சுமார் 5 மில்லிவினாடியில் நிறுத்தும் தொழில்நுட்பம் கொண்ட ரம்பங்களும் இருக்கின்றன. அவை விரலைக் காக்கும், ஆனால் கிக்பேக்கைத் தடுப்பதில்லை. அவற்றிலும் இந்தத் தகடு வேண்டும்.

மற்றவை பழக்கத்தில் வர வேண்டியவை. நிற்கும்போது பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் இடப்புறம் ஒதுங்கி நில்லுங்கள். பிளேடை மரத்தின் மேல் பல்லின் உயரத்துக்கு மட்டும் ஏற்றுங்கள். ஃபென்ஸோ மைட்டர் கேஜோ இல்லாமல் வெறுங்கையால் எதையும் அறுக்காதீர்கள். அதேபோல் குறுக்கே அறுக்கும்போது இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் துண்டு நடுவில் சிக்கி எறியப்படும். நீளத்தைவிட அகலம் கூடுதலான துண்டையும், ஓர் அடிக்குக் குட்டையான துண்டையும் ஃபென்ஸை ஒட்டி ஓட்ட வேண்டாம். பிளேடுக்கு ஆறு அங்குலத்துக்குள் கை போகவேண்டி வந்தால் தள்ளுகோலை எடுங்கள். அது எப்போதும் வலக்கை எட்டும் இடத்தில் தொங்கட்டும், ஏனெனில் வெட்டின் நடுவில் அதைத் தேடப் போக முடியாது.

வீட்டில்தானே என்று லுங்கியிலோ வேட்டியிலோ ரம்பத்தின் முன் நிற்கக் கூடாது. புடவை முந்தானையும் துப்பட்டாவும் அப்படியே. கையுறை, மோதிரம், கயிறு எதுவும் கையில் வேண்டாம். காலில் ஷூ வேண்டும். ரம்பத்தின் சத்தம் 100 டெசிபெல்லை ஒட்டி வரும். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு 100 டெசிபெல்லில் 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே காதுமூடி ஒவ்வொரு வெட்டுக்கும் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. என்95 முகக்கவசமும், ரம்பத்தின் தூள் வாயில் பொருத்திய வேக்கம் கிளீனரும் இன்றியமையாதவை. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வதால் நுண்தூள் நிற்காது.

மரம் வாங்குதல்

முதல் இரண்டு மாதங்களுக்குத் தேக்கு வேண்டாம். பிளைவுட் கழிவுத் துண்டுகளிலும், மா, வேம்பு போன்ற நாட்டு மரப் பலகைகளிலும் பழகுங்கள். மரக்கடையில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள பலகை கால் கன அடி என்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றைக் கடையில் நின்றபடியே கணக்கிட்டுவிடலாம். சேகு (மரத்தின் நடுவிலுள்ள கருமையான வைரப் பகுதி) கூடுதலாகவும், வெள்ளைப் பகுதி குறைவாகவும் உள்ள பலகையாகப் பொறுக்குங்கள். வெள்ளைப் பகுதி சீக்கிரம் உளுத்துப்போகும்.

பழைய வீடுகளை இடித்த மரம், குறிப்பாகச் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்கு, நன்றாக உலர்ந்து, மேலும் அசையாத நிலைக்கு வந்த அருமையான மரம். ஆனால் அதற்குள் தலை போன ஆணிகள் புதைந்திருக்கும். பலமான காந்தத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். கறுத்த புள்ளி தெரியும் இடமெல்லாம் உளியால் தோண்டிப் பாருங்கள். ஓர் ஆணி கார்பைடு முனையை உடைத்துக் கண்ணை நோக்கி அனுப்பப் போதும்.

டேபிள் சாவுக்குள் போகும் பலகைக்கு ஒரு முகம் தட்டையாகவும் ஓர் ஓரம் நேராகவும் இருந்தே ஆக வேண்டும். முறுக்கிய பலகை மேசையில் ஆடும், ஆடுகிற பலகை நெரிபடும். இயந்திர இழைப்பான் இல்லாத வீட்டில் இந்த இரண்டையும் இழைப்புளியால்தான் செய்ய வேண்டும், இங்கேதான் பழைய கைத்திறன் உண்மையிலேயே பயன்படுகிறது. பலகையின் மேல் இழைப்புளி முதலில் தத்தித் தத்திப் போய், மேடு குறையக் குறையச் சுருள் நீண்டு, கடைசியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாத ஒரே சுருளாக வரும்போது, ஆசாரி பக்கத்தில் நின்று தலையசைப்பதுபோலவே எனக்கு இருந்தது.

முதல் பொருள்: ஒரு மணை

அலமாரி, கட்டில் என்று தொடங்காமல் உட்காரும் மணை ஒன்று செய்யுங்கள். நீளவாக்கு வெட்டு, குறுக்கு வெட்டு, ஒட்டு, மரத்தின் அசைவு ஆகிய நான்கும் அதில் வந்துவிடுகின்றன. பலா மரம் கிடைத்தால் அதுவே மணைக்குப் பழைய வழக்கம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அந்த மரத்தைத்தான் தேடுகிறார்கள்.

18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் உள்ள மேல்பலகையும், அடியில் குறுக்கே இரண்டு கால்கட்டைகளும் போதும். மேல்பலகைக்கு மூன்று பலகைகளை 20 அங்குலமாகக் கைவாளால் துண்டாக்கி, முகமும் ஓரமும் இழைத்து, ரம்பத்தில் நாலேகால் அங்குல அகலத்துக்கு அறுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுத்த ஓரங்களை இரண்டு இழைப்பில் வழவழப்பாக்கி, பசை தடவி, கிளாம்பில் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். இறுக்கியதும் மூட்டு நெடுகிலும் பசை சிறு முத்துக்களாகப் பிதுங்கினால் அளவு சரி.

கால்கட்டைகளை இரண்டு தனித் துண்டுகளாக அறுக்க வேண்டாம். 26 அங்குல நீளமுள்ள ஒரே கட்டையை முதலில் 2 அங்குலத்துக்கு 1¼ அங்குலமாக நீளவாக்கில் அறுத்துவிட்டு, பிறகு 11 அங்குலம் வீதம் இரண்டாகக் குறுக்கே அறுங்கள். குட்டைத் துண்டை ஃபென்ஸில் ஓட்டும் ஆபத்து இந்த வரிசையால் தவிர்க்கப்படுகிறது. குறுக்கு வெட்டுகளுக்கு, மைட்டர் பள்ளங்களில் ஓடும் இரண்டு ரீப்பர்களின் மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டையும் முன்னும் பின்னும் நிமிர்ந்த சட்டங்களையும் பொருத்திய ஸ்லெட் ஒன்றை முன்னதாகவே செய்துகொள்வது நல்லது. மேல்பலகையின் இரு முனைகளையும் அதே ஸ்லெட்டில் 18 அங்குலத்துக்குச் சீராக்கலாம்.

கால்கட்டைகளைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலவாக்கில் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும். 12 அங்குல அகலத்தில் அது ஓரிரு மில்லிமீட்டர் வரும். ஒட்டி வைத்தால் மேல்பலகை வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு கால்கட்டையிலும் நடுத்துளையை வட்டமாகவும், இரு ஓரத் துளைகளைக் கட்டையின் நீளவாக்கில் நீண்ட துளைகளாகவும் போட்டு, வாஷரோடு திருகுங்கள். பிறகு 80, 120, 180 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

வாஷரின் விளிம்பை ஒட்டிக் கால்கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதிவையுங்கள். நான் மே மாதத்தில் போட்ட கோட்டிலிருந்து, ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகு மணையைப் புரட்டிப் பார்த்தபோது, ஓரத் திருகுகள் இரண்டும் வெளிப்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தன.